குளியலறைக் கதவு வரை ஒரு கோடு

என் மனைவி மறுபடி வேலைக்குப் போகக் கூடாது என்று நான் ஒரு முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் நான் சூரன். எடுத்த முடிவு வீட்டில் யார் காதிலும் விழாமல் பார்த்துக்கொள்வதில் அதைவிடப் பெரிய சூரன்.

நான் இரவு வேலைக்காரன். நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். இருபது வருஷமாக ஊருக்கே தண்ணீர் காட்டுகிறேன். வீட்டில் எனக்கு ஒருத்தி தண்ணீர் காட்டுகிறாள்.

பம்ப் ஆபரேட்டர் என்றால் பம்பைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து படிப்பவர். பள்ளிக்கூடம் என்னைப் பத்தாவதோடு கைவிட்டது. நான் படிப்பைக் கைவிடவில்லை. அழுத்தமானியின் முள் சிவப்புக்குப் போகாத இரவுகளில் வானசாஸ்திரம், வைத்தியம், சட்டம் என்று நூலகத்தில் பாதி அலமாரியை முடித்திருக்கிறேன். இவ்வளவு படித்தும் வீட்டில் ஒரு விவாதத்தில் ஜெயித்ததில்லை. அதற்கு மட்டும் நூலகத்தில் புத்தகம் இல்லை.

என் மனைவி எட்டு வருஷத்துக்கு முன்னால் வரை எடை இயந்திரத் தொழிற்சாலையில் சோதனையாளர். புதிதாகச் செய்த இயந்திரத்தின் மேல் எடைக்கற்களை வைத்து, அது உண்மை சொல்கிறதா பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பது வேலை. அந்தக் கற்களைக் கையால் தொடமாட்டார்கள். இடுக்கியால்தான் எடுப்பார்கள். விரல் பட்டால் விரலின் எண்ணெய் கல்லில் ஒட்டி எடை கூடிவிடுமாம். இப்படிப்பட்ட ஒரு பெண்மணியிடம் நான் கல்யாணமான நாளிலிருந்து பொய் சொல்லிவருகிறேன். என் தைரியத்தை நினைத்துப் பாருங்கள்.

மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் விட்டாள். கொஞ்ச நாளுக்கு எட்டு வயதாகிவிட்டது. எங்கள் வீட்டில் மகளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். வாயைத் திறந்தால் கேள்வி.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. 'பழைய சோதனையாளர்களை மறுபடி சேர்த்துக்கொள்கிறோம். மாதக் கடைசிக்குள் நேரில் வரவும். காலை எட்டு முதல் மாலை ஐந்து. ஆரம்ப நிலைச் சம்பளம்.' இதுவரை நான் படித்தேன். தாளின் மறுபக்கத்தைத் திருப்பவில்லை. பம்ப் நிலையத்தில் எந்த மானியும் பின்பக்கம் பேசாது. அந்தப் பழக்கம்.

காலை எட்டு. அந்த ஒரு சொல்லில் என் உலகம் ஆடிப்போனது. நான் வேலை முடிந்து ஆறரைக்கு வீடு வருவேன். ஏழுக்குப் படுப்பேன். இரண்டு மணிக்கு எழுந்திருப்பேன். ஏழு மணி நேரம். இந்த உலகத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே அசையாச் சொத்து அது. இவள் எட்டு மணிக்குத் தொழிற்சாலையில் நிற்க வேண்டுமானால் ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். கேள்விக்குறியை எழுப்பி, குளிக்கவைத்து, பல ஆயிரம் முடிகளை இரண்டாகப் பிரித்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, எட்டரைக்குப் பள்ளியில் விடுவது யார்? நாற்பது அடி உயரத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவேன். சடை எனக்கு ஏறாது.

"என் தூக்கம் போய்விடும்" என்று சொன்னால் அவள் கேட்பாளா? கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். ஆகவே வேறு ஆயுதம் வேண்டும்.

ஆயுதம் சாப்பாட்டு மேஜை மேலேயே கிடந்தது. தடிமனான நூலகப் புத்தகம். 'ஊதியமும் இடைவெளியும்.' பக்கத்துக்குப் பக்கம் எண்கள். நான் வழக்கமாக எடுத்துவரும் புத்தகக் கட்டோடு அதுவும் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைய டூட்டிக்குக் கொண்டுபோனேன். வேலையை இடையில் நிறுத்தித் திரும்புகிறவர்களின் சம்பளம் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். முதல் அத்தியாயத்திலேயே துள்ளிக் குதித்தேன். திரும்புகிறவர்களுக்குக் குறைவான சம்பளம்தான் என்று போட்டிருந்தது. மேற்கொண்டு படிப்பானேன்? மறுபக்கம் திருப்பாத மனிதன்.

விடுமுறை நாள் காலையில் ஒரு தாளோடு அவள் முன் உட்கார்ந்தேன். அவள் ரொட்டிக்கு மாவு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன் வேலை விஷயமா ஒரு சின்ன ஆராய்ச்சி பண்ணினேன்."

"அப்படியா? யாருங்க பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா. உன் நல்லதுக்கு."

"பயமா இருக்கே. சொல்லுங்க."

"நீ முதமுதல்ல சேர்ந்தப்போ வாங்கின சம்பளத்தை நூறுன்னு வெச்சுக்கோ. இப்போ ஆரம்பச் சம்பளம் நூத்தியிருபது. சரியா? பஸ்ஸுக்குப் பதினாலு. பாப்பாவைப் பார்த்துக்க ஆள் போட்டா அறுபது. மத்தியானச் சாப்பாடு வெளியில வாங்கினா இருபது. துணி, செருப்புன்னு ஒன்பது."

"அப்பறம்?"

"தலைவலி மாத்திரை ஆறு."

"யாருக்கு?"

"உனக்கு. வேலைக்குப் போனா வருமே."

"வீட்ல இருந்தா வராதுன்னு யாரு சொன்னது? சரி, ஆக மொத்தம்?"

நான் ஒரு நொடி நிறுத்தினேன். நாடகத்தில் திரை விலகும் இடம் அது. "மிச்சம் பதினொண்ணு. வெறும் பதினொண்ணுக்காக நீ விடியக்காலையில பஸ்ல இடிபடணுமா? நான் புருஷனா இருந்துட்டு அதைப் பார்த்துட்டு இருக்கணுமா?"

அவள் தாளை வாங்கினாள். எடை இயந்திரத்தைப் பார்ப்பதுபோல் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த அறுபது எதுக்கு?"

"பாப்பாவைப் பார்த்துக்கறவங்களுக்கு."

"பாப்பா யாரு?"

"என்ன கேள்வி இது? நம்ம பொண்ணு."

"நம்ம பொண்ணா? இந்தத் தாள்ல என் பொண்ணுன்னுல்ல போட்டிருக்கு. அறுபதும் என் சம்பளத்துலதானே கழிஞ்சிருக்கு?"

நான் தாளை எட்டிப் பார்த்தேன்.

"ஏங்க, மாவு நிறுக்கணும்னா முதல்ல வெறும் பாத்திரத்தை வெச்சு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும். அப்பறம்தான் மாவு. நீங்க பாத்திரம், மூடி, கரண்டி, அடுப்பு எல்லாத்தையும் என் தட்டுல ஏத்திட்டு, 'மாவு கொஞ்சமாத்தானே இருக்கு'ங்கறீங்க."

"சரி, அதுல பாதி என்னோடதுன்னே வெச்சுக்கோ. நாப்பத்தியொண்ணு ஆகுது. அதுவும் கம்மிதானே?"

"அது முதல் வருஷத்துக்கு. வேலைங்கறது ஒரு வருஷமா? அந்தப் புத்தகத்துல நாலாவது அத்தியாயம் நீங்க படிக்கலையா?"

"படிச்சேன், படிச்சேன்" என்றேன். அவளுக்கு எப்படி நாலாவது அத்தியாயம் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய நேரத்தில் தோன்றியிருந்தால் நான் ஏன் இன்னும் இரவு வேலையில் இருக்கிறேன்?

"அம்பத்தெட்டு வயசுல ரிட்டையர் ஆகற வரைக்கும் கோடு போடுங்க. நான் நிக்காமப் போயிருந்தா எப்படின்னு ஒரு கோடு. நின்னுட்டுத் திரும்பினா எப்படின்னு ஒரு கோடு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்து, திரும்பிப் போறது பிரயோசனம் இல்லன்னு வந்தா நான் போகல. கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"நிஜமா?"

"நான் எடையில பொய் சொன்னதுண்டா?"

இப்படி ஒரு பேரம் எந்தக் கணவனுக்கும் வாழ்நாளில் ஒரு தடவைதான் வரும். எட்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு எட்டு வருஷச் சம்பளம் போச்சு, இனிமேல் என்ன என்று முடித்துவிடலாம். அப்படித்தான் நினைத்தேன். பம்பை எட்டு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு மறுபடி போட்டால் தண்ணீர் அதே அழுத்தத்தில் வரும். சம்பளமும் அப்படித்தானே?

வேலையை ஆரம்பித்தேன். நிலையத்தில் தேதி கடந்த கட்டம் போட்ட பதிவுத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வருஷத்துக்கு ஒரு சாண் அகலம். நூறுக்கு ஒரு சாண் உயரம். தரைதான் பூஜ்யம். அவள் இருபத்திரண்டு வயதில் வாசல் கதவருகே வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிருந்து தாள்களைக் கூடத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டே போனேன். இருபத்தெட்டு வயது ஜன்னலடியில் வந்தது. அங்கே கீழ்க்கோடு அறுந்து தரைக்குப் போய்விட்டது. எட்டுச் சாண் நீளத்துக்குச் சுவரோரம் வெறும் தரை. குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் முப்பத்தாறு வயதில் மறுபடி எழுந்தது. சமையலறை வாசலைத் தாண்டியதும் அவளுக்கு ஐம்பது. குளியலறைக் கதவில் போய் ஓய்வு பெற்றாள்.

தினமும் காலையில் வந்து இதே வேலை. தூக்கத்தைக் காப்பாற்றுவதற்காகப் பதினோரு நாள் தூங்கவில்லை என்பதைப் பிற்பாடுதான் கணக்குப் பார்த்தேன்.

ஒரு சபலத்தில் என் கோட்டையும் பச்சைப் பென்சிலால் போட்டேன். நன்றாகத்தான் ஏறியது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆபரேட்டர் சம்பளத்தின் உச்சவரம்பைத் தொட்டு, அங்கிருந்து நேராகப் போய்விட்டது.

"என்னங்க, உங்க கோடு படுத்துடுச்சே?"

"நைட் டூட்டி முடிச்சிட்டு வந்திருக்கு. படுக்காம என்ன செய்யும்?"

சிரித்தாள். பென்சிலைச் சீவிக்கொடுத்தாள். டீ கொடுத்தாள். உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டாள். எதிரிக்கு இவ்வளவு உதவி செய்கிறாளே, பாவம் என்று நினைத்தேன். அந்தப் பாவம் யாருக்கு என்று பிறகு தெரிந்தது.

பதினோராம் நாள் காலை கடைசிப் புள்ளியை வைத்தேன். கொஞ்சம் பின்னால் வந்து நின்று பார்த்தேன்.

பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து என்று ஏற்றம். இரண்டு கோட்டுக்கும் அதே ஐந்துதான். ஒரு கோட்டுக்கும் நான் வஞ்சனை செய்யவில்லை. நிற்காமல் போன கோடு குளிர்பெட்டியருகே நூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்றது. திரும்பி வந்த கோடு அங்கே நூற்றியிருபதில் எழுந்தது. வித்தியாசம் எழுபத்தெட்டு. ஒரு சாணுக்கும் குறைவு. போகப்போகக் குறையும், எங்காவது போய் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் எந்த மனிதனும் நினைப்பான். ஒட்டவில்லை. பெரிய சம்பளத்தின் ஐந்து பெரிய ஐந்து. சின்னச் சம்பளத்தின் ஐந்து சின்ன ஐந்து. சமையலறை வாசலில் இடைவெளி ஒன்றரைச் சாணைத் தாண்டியது. குளியலறைக் கதவில் மேல்கோடு ஐந்நூற்று எழுபத்தொன்பது. கீழ்க்கோடு முந்நூற்று ஐம்பத்தொன்று. வித்தியாசம் இருநூற்று இருபத்தெட்டு.

கூட்டிப்பார்த்தேன். வீட்டிலிருந்த எட்டு வருஷத்தில் அவள் விட்டது ஆயிரத்து இருநூற்று எண்பது. திரும்பிப் போன பிறகு, ஒரு நாள் விடாமல் உழைத்துக்கொண்டிருக்கும்போதே, விடப்போவது மூவாயிரம். நின்றிருந்தபோது போனதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நடந்துகொண்டிருக்கும்போது போகிறது. யாரும் பிடுங்கவில்லை. யாரும் திருடவில்லை. சத்தமே இல்லை. நிலையத்தில் ஒரு சொட்டு ஒழுகினால் எனக்கு மணி அடிக்கும். இதற்கு மணியே இல்லை.

நானும் வானசாஸ்திரம் படித்தவன். எத்தனையோ கோடி மைல் தூரங்களைப் படித்து வியந்திருக்கிறேன். என் வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கும் குளியலறைக்கும் நடுவில், அதைவிடப் பெரிய தூரம் ஒன்று இருந்திருக்கிறது. எட்டு வருஷமாக அதைத் தாண்டித்தான் பல் தேய்க்கப் போயிருக்கிறேன்.

கேள்விக்குறி வாயில் பிரஷ்ஷோடு வந்தது. நேராகக் குளியலறைக் கதவருகே போய்ச் சுவரை ஒட்டி நின்றது. மேல்கோடு அதன் உச்சந்தலையைத் தொட்டது. கீழ்க்கோடு வயிற்றருகே போனது.

"அப்பா, இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கறது என்னது?"

"அது... அம்மாவோடது."

"அம்மாகிட்ட இருக்கா?"

"இல்ல."

"உங்ககிட்ட இருக்கா?"

"என்கிட்டயும் இல்ல கண்ணு."

"அப்போ யாருகிட்ட இருக்கு?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. "போய் வாயைக் கொப்பளி" என்றேன். தகப்பன்மார் பதில் தெரியாதபோது சொல்வது அதுதான்.

அன்றைக்கு மேல்மாடிக் கண்டக்டர் அண்ணன் ஒரு திருப்புளி இரவல் கேட்க வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலிருந்து குளியலறை வரை பஸ்ஸுக்குள் நடப்பதுபோலப் பக்கவாட்டில் நடந்து பார்த்தார். விவரம் கேட்டார். சொன்னேன்.

"தம்பி, இது பொம்பளைங்களுக்கு மட்டும்தானா?"

"யாருக்கும்தான் அண்ணே. கோட்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது."

"எனக்குக் கால் உடைஞ்சு ஒன்றரை வருஷம் படுத்திருந்தேன். திரும்பிப் போனா கடைசி ஆளுக்கும் கீழ வெச்சாங்க. என்கூடச் சேர்ந்தவனெல்லாம் செக்கர் ஆகிட்டான். நான் கண்டக்டராவே இறங்கினேன். என் ராசி அப்படின்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன் தம்பி."

திருப்புளியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பேரம் என்ன? திரும்பிப் போவதில் பிரயோசனம் இல்லை என்று கோடு காட்ட வேண்டும். கோடு என்ன காட்டுகிறது? இன்னும் ஒரு வருஷம் வீட்டிலிருந்தால் இன்னும் கீழேயிருந்து ஏற வேண்டும், ஓடு, ஓடு, இன்றைக்கே ஓடு என்கிறது. என் கையெழுத்தில். என் பென்சிலில். கோடு போட்டவனும் நான், கோட்டை விட்டவனும் நான்.

ஆனாலும் சூரன் அல்லவா? அன்று சாயங்காலம் டூட்டிக்குப் போகும்போது திட்டம் போட்டுவிட்டேன். காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தாள்களைக் கிழிப்பது. 'சுவருக்குப் பசை ஈரம் ஆகாதாம், வீட்டுச் சொந்தக்காரர் சத்தம் போட்டார்' என்று சொல்லிவிடுவது. மாதக் கடைசிக்கு ஒரே நாள்தான் பாக்கி. அதற்குள் இன்னொரு கோடு போட யாராலும் முடியாது. வெட்கமாகத்தான் இருந்தது. தூக்கம் வெட்கத்தைவிடப் பெரியது.

காலையில் வந்தேன். கதவைத் திறந்தேன்.

சுவர் வெறுமையாக இருந்தது. ஒரு தாள் இல்லை. மேல்மாடி அக்கா கேள்விக்குறியைப் பள்ளிக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். இரண்டு சடையும் பின்னியாகிவிட்டது.

"எங்கக்கா அவ?"

"இன்டர்வியூக்குப் போயிட்டா. உருட்டிச் சுருட்டி பாப்பா உயரத்துக்கு என்னமோ தூக்கிட்டுப் போனா. பஸ்ல ஏத்தமாட்டேன்னுட்டானாம். எங்க வீட்டுக்காரர்தான் பழைய டிரைவர்கிட்ட பேசி ஏத்திவிட்டார்."

சாப்பாட்டு மேஜையில் அந்தக் கடிதம் கிடந்தது. கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாக மறுபக்கத்தைப் படித்தேன். 'ஆரம்ப நிலைக்கு மேல் சம்பளம் கோருவோர் தகுந்த காரணங்களையும் கணக்கையும் எழுத்தில் கொண்டுவரலாம்.'

அன்றைக்கும் தூங்கவில்லை.

சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் குடித்தாள். நான் ஒன்றும் கேட்கக் கூடாது என்றிருந்தேன். இரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்தேன்.

"என்ன ஆச்சு?"

"மேஜையில விரிக்க இடம் பத்தல. சோதனைக் கூடத்துத் தரையில விரிச்சோம். நாலு மூலையிலயும் எடைக்கல் வெச்சு."

"கையாலயா?"

"இடுக்கியாலதான். நான் தொழில் சொல்லிக்கொடுத்த பொண்ணு ஒருத்தி இருந்தாளே, ஞாபகம் இருக்கா? கல்லைக் கையால தொட்டுத் தொட்டுத் திட்டு வாங்குவாளே. அவதான் இப்போ தலைமைச் சோதனையாளர். அவதான் எனக்கு இடுக்கி எடுத்துக் கொடுத்தா. கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு."

"மேனேஜர்?"

"செருப்பைக் கழட்டிட்டு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஓரமா நடந்தார். அந்தப் பக்கம் போய் நின்னு திரும்பிப் பார்த்தார். அப்பறம் கணக்கரைக் கூப்பிட்டு, 'இதுல தப்பு இருக்கா பாருய்யா'ன்னார். அவர் முட்டிபோட்டு ஒரு மணி நேரம் பார்த்தார். ஒரு தப்பு இல்லன்னுட்டார்."

என்னையறியாமல் நெஞ்சு நிமிர்ந்தது. உடனே அதை உட்காரவைத்தேன்.

"அதனால?"

"நான் விட்ட சம்பளத்துக்கு மேல, எட்டு வருஷத்துல பாதியை வேலை செஞ்சதாக் கணக்குல எடுத்துக்கறாங்களாம். நூத்தியிருபது இல்ல. நூத்தியறுபத்து மூணு."

நூற்று அறுபத்து மூன்று. என் மனதில் கோடு தானாக எழுந்து ஓடியது. குளிர்பெட்டி, சமையலறை, குளியலறை. நூற்று இருபத்தாறு கூடுதலாகப் போய்க் கதவில் முட்டியது. பாதிக்கு மேல் இடைவெளி அடைபட்டுப் போனது. ஒரு பெண்மணி காலையில் ஒரு தாள் சுருளோடு புறப்பட்டுப் போய், இருபத்திரண்டு வருஷத்தைத் தூக்கி மேலே வைத்துவிட்டு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"மீதிப் பாதி?"

"அடுத்த வருஷம் கேப்பேன். கோடு இருக்கே."

"என்னைப் பத்தி ஏதாச்சும்..."

"யார் வரைஞ்சதுன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர்னு சொன்னேன். தூங்காம பதினோரு நாள் வரைஞ்சார்னு சொன்னேன். 'பொண்டாட்டி வேலைக்குப் போகணும்னு இப்படிப் பாடுபடற மனுஷனும் இருக்காரா'ன்னு மேனேஜர் கும்பிட்டுட்டார்."

இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? 'அய்யோ, நான் அதுக்கு வரையல' என்று போய்ச் சொல்லவா? மறுநாள் கண்டக்டர் அண்ணன் படியிறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தெருமுனைச் சலவைக்காரர் துணியை மடித்துக் கொடுத்துக் காசு வேண்டாம் என்றார். பள்ளி வாசலில் இரண்டு தாய்மார்கள் தங்கள் கணவர்களிடம் என்னைச் சுட்டிக்காட்டினார்கள். ஆம், பள்ளி வாசலில்தான். தினமும் எட்டரைக்கு அங்கேதான் நிற்கிறேன். தியாகி என்று பெயர் வாங்கியவன் தூங்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வான்? ஒன்பதுக்குப் படுக்கிறேன். இரண்டரைக்கு எழுந்து மறுபடி பள்ளிக்கு ஓடுகிறேன். தூக்கத்திலும் இடைவெளி விழுந்துவிட்டது. அதுவும் பழைய நிலைக்குத் திரும்புவதாகத் தெரியவில்லை.

அவள் காலையில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது ஜன்னலில் நின்று பார்ப்பேன். திட்டம் தோற்றவனுக்கு இருக்க வேண்டிய எரிச்சல் வரவே இல்லை. நிறுத்தி வைத்த பம்ப் எட்டு வருஷம் கழித்து ஓடும் சத்தத்தைக் கேட்பவன்போல் நின்றுகொண்டிருப்பேன். பின்னாலிருந்து கேள்விக்குறி சட்டையை இழுக்கும். "அப்பா, ஒரு சடை காதுக்கு மேலயும் ஒண்ணு காதுக்குக் கீழயும் இருக்கு. பரவால்லையா?"

போன வாரம் 'ஊதியமும் இடைவெளியும்' புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகம் போனேன். நூலகத்தம்மா பதிவேட்டைப் பார்த்தார்.

"இது உங்க கார்டுல இல்லையே."

"நான்தானே எடுத்துட்டுப் போனேன்?"

"இல்லையே. உங்க வீட்டம்மா கார்டு. கடுதாசி வந்த மறுநாளே வந்தாங்க. மூணு புத்தகம் எடுத்துக் காட்டினேன். ரெண்டை வேணாம்னுட்டாங்க. 'தடியா, நிறைய நம்பரோட, ஒரு ஆம்பளை எடுத்துப் படிச்சா தானா கண்டுபிடிச்ச மாதிரி இருக்கணும்'னாங்க. உக்காந்து நாலாவது அத்தியாயம் வரைக்கும் இங்கயே படிச்சுட்டுத்தான் கொண்டுபோனாங்க."

ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜை. கவிழ்த்து வைத்த கடிதம். நாலாவது அத்தியாயம். பென்சில் சீவல். டீ. ஸ்டூல். என்னை எடுத்து வைத்திருக்கிறாள், வைக்க வேண்டிய மூலையில். ஓர் இடத்திலும் விரல் ரேகை இல்லை. இடுக்கி.

"நேரா என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றேன், யாரிடமோ.

"கேட்டிருந்தா வரைஞ்சிருப்பீங்களா?" என்றார் நூலகத்தம்மா. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் மேஜைக்கடியிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்து வைத்தார். "இதையும் உங்களுக்காக எடுத்து வெக்கச் சொன்னாங்க. உங்க கார்டுலயே முத்திரை குத்திட்டேன்."

மெல்லிய புத்தகம். வண்ண அட்டை. 'இரட்டைச் சடை பின்னுவது எப்படி: படங்களுடன்.'

எனக்கும் மானம் ரோஷம் உண்டு. அந்தப் புத்தகத்தைத் தொடவே கூடாது என்று உறுதியாக முடிவெடுத்தேன்.

மூன்றாவது அத்தியாயம் பிரமாதம்.